திறக்கக் கூடாத பெட்டி

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இந்தப் பெட்டி மேலயே உட்காருங்க, உள்ள புஸ்தகம்தான், ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். உள்ள ரூம்ல வீட்டுக்காரி தூங்குறா. மத்தியானம் மாத்திரை போட்டா ஒரு மணி நேரம் கண்ணசருவா. அந்த ஒரு மணி நேரம்தான் என்னோடது.

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம் குறிச்சுக்கிட்டீங்களா? சரி. அடுக்களைச் சாமானைக் குறிக்க வேண்டாம். அட, வேண்டாம்னா விடுங்களேன். தெரியும், உங்க லாரிக் கம்பெனி ஆபீஸ்ல போன்லயே சொல்லிட்டாங்க, 'சார், நீங்களா கட்டின பெட்டியில எது உடைஞ்சாலும் கம்பெனி பொறுப்பில்ல'ன்னு. உடைஞ்சாத்தானே தம்பி பொறுப்பு?

என் பேரு கோமதிநாயகம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெலிபோன் இலாகாவுல முப்பத்தாறு வருஷம் இருந்தேன். ஒன்பது டிரான்ஸ்ஃபர். விஜயவாடா, நாக்பூர், ஹூப்ளி, கட்டாக், பாலக்காடு... இந்தியாவோட மேப்பை விரிச்சா அதுல பாதி இடத்துல என் சாமான் இறங்கியிருக்கு. கேட்டுக்கோங்க, ஒன்பது ஊர்லயும் ஒரு கப்பு உடைஞ்சதில்ல. ஒரு சாசர் விளிம்பு போனதில்ல. அந்தப் பட்டுப் பட்டுன்னு வெடிக்கிற பிளாஸ்டிக் தாளை வச்சுக்கிட்டு உங்க ஆட்கள் என்னத்தக் கட்டிருவாங்க?

கோவிச்சுக்காதீங்க. தொழில்காரர்ங்கிறதால சொல்றேன். உங்க ஆட்கள் தட்டை எப்படி வைப்பாங்க? ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சு அடுக்குவாங்க. அங்கதான் தப்பு. தட்டைப் படுக்க வைக்கவே கூடாது. நிக்க வைக்கணும். லாரி ஒரு பள்ளத்துல விழுந்தா படுத்திருக்கிற தட்டுல அடியில இருக்கிறது அத்தனை பாரத்தையும் வாங்கிக்கிட்டுப் பட்டுன்னு போயிரும். நிக்கிற தட்டு தன் பாரத்தைத் தானே தாங்கும். கப்புன்னா முதல்ல காதைச் சுத்தணும், அப்புறம் வாய்க்குள்ள பேப்பரைக் கசக்கித் திணிக்கணும், அப்புறம்தான் முழுசாச் சுத்தணும். எல்லாம் முடிஞ்சதும் பெட்டியை ஒரு பக்கமாச் சாய்ச்சு ஒரு உலுக்கு. உள்ளேயிருந்து 'க்ளிங்'னு ஒரு சத்தம் வந்தாப் போச்சு. மொத்தத்தையும் பிரிச்சு முதல்லேயிருந்து கட்டுவேன். சத்தமே வரக்கூடாது.

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துட்டா எங்க வீட்ல வேலைப் பிரிவினை உண்டு. கட்டுறது நான், பிரிக்கிறது அவ. ஒரு வாரம் லீவு போட்டு எல்லாத்தையும் கட்டி முடிச்சு, பெட்டிக்குப் பெட்டி நம்பர் எழுதிட்டு, நான் முன்னால ரயில் ஏறிப் போயி டியூட்டியில சேர்ந்துருவேன், வீடு பார்ப்பேன். லாரி பின்னால வரும். ஏத்துறப்போ லோடுமேன்கள்கிட்ட நிக்கிறது அவ. இறக்குறப்போ நிக்கிறதும் அவ, ஏன்னா லாரி வர்ற அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அடுக்களை செட்டாகி, டம்ளர்ல காபி நுரையோட இருக்கும். பாஷை தெரியாத ஊர்ல பால்காரனை எப்படிப் பிடிச்சா, அடுப்புக்கு என்ன பண்ணினா, நான் கேட்டதில்ல. முக்கியமான வேலை கட்டுறதுதானே, அது என் கையில இருந்தது.

அந்த மூலையில இருக்கே, ஓரத்துல தகரம் அடிச்ச மரப்பெட்டி, அதைப் பாருங்க. தேயிலைப் பெட்டி. அதுக்குள்ள இருக்கிறதுதான் எங்க வீட்டு ஒசத்தி. என் மச்சினர் சங்கரலிங்கம் தூத்துக்குடித் துறைமுகத்துல வேலை பார்த்தார். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு, அதான் எங்க கல்யாணத்துக்கு, ஜப்பான் பீங்கான்ல ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். ஆறு பெரிய தட்டு, ஆறு சின்னத் தட்டு, ஆறு கப்பு சாசர். ஓரத்துல ஊதாப் பூ. வெளிச்சத்துல பிடிச்சா விரல் தெரியும், அவ்வளவு மெலிசு.

கல்யாணம் ஆன மாசமே விஜயவாடாவுக்கு மாத்திட்டான். அப்பவே ஆவுடைகிட்ட, ஆவுடையம்மாள், அதான் வீட்டுக்காரி, அவகிட்டச் சொல்லிட்டேன். 'இதை இப்பப் பிரிக்க வேண்டாம். சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சுவோம்லா, அன்னைக்கு எடுத்து எல்லாரும் சாப்பிடுவோம்.' அவ சரின்னா. நான்தான் சுத்தினேன், பெட்டி மேல சிவப்பு மையில 'திறக்கக் கூடாது'ன்னு எழுதினேன். கயிறு போட்டுக் கட்டினேன். அது சும்மா முடிச்சு இல்ல தம்பி. கம்பத்துல கேபிளை இறுக்குறதுக்கு முத்தையான்னு ஒரு லைன்மேன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை அவிழ்க்கலாம், ஆனா திரும்பக் கட்ட அந்த முத்தையாவாலயும் என்னாலயும்தான் முடியும். அதனால ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் அந்தப் பெட்டிக்கு மட்டும் வேலையே கிடையாது. முடிச்சைப் பார்ப்பேன். என் முடிச்சு அப்படியே இருக்கும். ஏத்து லாரியில.

சொந்த வீடு? அது ஒரு கதை. பாளையங்கோட்டைப் பக்கம் இடம் வாங்கினோம், அது குளத்துப் புறம்போக்குன்னு பின்னால தெரிஞ்சது. விடுங்க. இன்னைக்கு வரைக்கும் வாடகை வீடுதான். பெட்டியும் அப்படியே இருந்தது.

இப்ப ஏன் போறோம்னா, இது மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. அதுகூடப் பரவாயில்ல. ரெண்டு வருஷமா ஆவுடைக்கு ஞாபகம் இல்ல. முதல்ல சாவியை மறந்தா, அப்புறம் அடுப்பை மறந்தா, அப்புறம் பொண்ணு பேரை மறந்தா. ரெண்டு தடவை வெளிய போயிட்டா. ரெண்டாவது தடவை ஒரு பகல் பூரா தேடி, பஸ் ஸ்டாண்டுல கண்டுபிடிச்சேன். 'சாமான் வண்டி வருது, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்'னு அங்க இருந்த பூக்காரிகிட்டச் சொல்லியிருக்கா. அந்தம்மா டீ வாங்கிக் கொடுத்து உட்கார வச்சிருந்தா, புண்ணியவதி.

என் பொண்ணு செண்பகவல்லி கோயம்புத்தூர்ல இருக்கா. 'அப்பா, எங்க வீட்டுக்கு எதிர்லயே கீழ்த்தளம் காலியாகுது, வந்துருங்க'ன்னு ஒரே அழுகை. டாக்டர் என்னன்னா, 'இடம் மாத்தினா இவங்களுக்குக் குழப்பம் ஜாஸ்தியாகும்'ங்கிறார். இருந்தாலும் கஷ்டம், போனாலும் கஷ்டம். தலைக்கு மேல வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்னன்னு சரி சொல்லிட்டேன். இந்த வீட்டையும் ஓனர் அடுத்தவங்களுக்குப் பேசி முடிச்சுட்டார். நாளைக்குக் காலி பண்ணியே ஆகணும்.

எனக்கென்ன, கட்டுறது கைவந்த வேலை. இருபது நாளைக்கு முன்னால ஆரம்பிச்சேன். முதல் நாள் காலையில ரெண்டு பெட்டி கட்டி வச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா ரெண்டும் காலி. டம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாம் அலமாரியில வரிசையா நிக்குது. பேப்பரை மடிச்சு மெத்தைக்கு அடியில வச்சிருக்கா. 'என்ன ஆவுடை இது?'ன்னா, 'வந்து இறங்கினதும் அடுக்களையை எடுத்து வைக்கலைன்னா என்ன சாப்பிடுவிய?'ங்கிறா.

சிரிச்சேன் தம்பி. முதல் நாள் சிரிச்சேன்.

மறுநாள் திரும்பக் கட்டினேன். அவ பிரிச்சா. கட்டினேன், பிரிச்சா. அவ தூங்குறப்போ கட்டிப் பார்த்தேன், எழுந்ததும் பிரிச்சா. அவளை ரூம்ல வச்சுப் பூட்டினேன், கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. 'பிரிக்காதே'ன்னு பெரிய எழுத்துல எழுதி ஒட்டினேன், அதை அழகாக் கிழிச்சுக் கொசு அடிக்கிற மட்டையைத் துடைக்கிறா. பெட்டியைப் பார்த்தா அவ கை சும்மா இருக்காது. ஒன்பது ஊர்ல அவளுக்கு நான் விட்ட வேலை அது ஒண்ணுதானே. ஊர் தெரியல, வீடு தெரியல, பொண்ணு போன் பண்ணினா 'யாரும்மா நீ'ங்கிறா, ஆனா பெட்டி வந்தாப் பிரிக்கணும்கிறது மட்டும் தெரியுது. பதினஞ்சு நாள் இப்படியே ஓடிச்சு. ஒரு ஆளு எவ்வளவு தான் கட்டுவான்?

நடுவுல ஒரு ஊறுகாய் ஜாடி உடைஞ்சது. அது கணக்குல வராது, அவ கையிலேயிருந்து நழுவினது.

இல்ல. நாளைக்கு நீங்க கூட இருக்கப்போறவர், உங்ககிட்ட எதுக்குப் பொய். நான் பிடுங்கினேன். கட்டின பெட்டியிலேயிருந்து ஜாடியை வெளிய எடுத்தா, 'கொடுடி இங்க'ன்னு வெடுக்குன்னு பிடுங்கினேன், சுவத்துல பட்டுச்சு. அவ பயந்து போயி அடுக்களை மூலையில ஒடுங்கி நின்னுட்டா. அப்புறம் நான் அந்தப் பக்கம் போனப்போவெல்லாம் முந்தானையை இழுத்துக்கிட்டா. அவ முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்ல தம்பி. எனக்கே என்மேல வெறுப்பா இருந்தது. ஆனாலும் மறுநாள் கட்டத்தானே வேண்டியிருக்கு? நாள் நெருங்குதே.

போன வியாழக்கிழமை. கட்டுறதுக்குப் பேப்பர் தீர்ந்துபோச்சு. வெளியில பூட்டிட்டுப் போனேன், வேற என்ன வழி? தெருமுனைப் பழைய பேப்பர் கடையில ஒரு கட்டு வாங்கித் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தேன். நல்ல வெயில், தலையில துண்டைக் கட்டியிருந்தேன். மூணு மாடி ஏறி மூச்சு வாங்கக் கதவைத் திறக்கிறேன்.

தேயிலைப் பெட்டி திறந்து கிடக்குது.

கயிறு தனியா சுருட்டி வச்சிருக்கு. தரை பூராப் பேப்பர். சாப்பாட்டு மேஜையில ஆறு பெரிய தட்டும் போட்டிருக்கு, ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்துலயும் கப்பு சாசர். ஊதாப் பூவெல்லாம் வெயில்ல பளிச்சுன்னு இருக்கு. நாற்பத்தொரு வருஷம் தம்பி! நான் பொத்திப் பொத்தி வச்சது! எனக்கு வந்த ஆத்திரத்துல 'ஏட்டி, யாரைக் கேட்டு இதைத் தொட்டே?'ன்னு கத்திட்டேன்.

அவ ஒரு தட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறா. என் தோள்ல இருந்த கட்டைப் பார்க்கிறா, தலையில இருந்த துண்டைப் பார்க்கிறா. அப்புறம் வாயில விரலை வச்சு, 'சத்தம் போடாதீங்க அண்ணாச்சி, அக்கம்பக்கத்துல கேட்டுரும்'ங்கிறா.

அண்ணாச்சி. நீங்க எந்தப் பக்கம்? சேலமா? உங்க பக்கத்துல எப்படியோ, எங்க ஊர்ல கடைக்காரர், வண்டிக்காரர், மூட்டை தூக்குறவர், மரியாதைப்பட்ட அத்தனை பேரும் அண்ணாச்சி. கட்டின புருஷனைத் தவிர அத்தனை பேரும். என்னை அவ ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, 'ஏங்க'தான். நாற்பத்தொரு வருஷமா 'ஏங்க'. அன்னைக்கு அண்ணாச்சின்னுட்டா.

'லாரி வந்துட்டுதா அண்ணாச்சி? செத்த பொறுங்க. இதை மட்டும் சுத்தி உள்ள வச்சுருதேன். கொஞ்சம் கூட மாட ஒத்தாசை பண்ணுங்க. அவுக ஆபீஸ்லேயிருந்து வந்தா ஏசுவாக.'

பேப்பர்க் கட்டைக் கீழ போட்டேன். பெட்டியிலேயிருந்து அவ பிரிச்சுப் போட்ட பேப்பர் ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். ஹிந்திப் பேப்பர். தலையில கோடு போட்ட எழுத்து. இன்னொண்ணு எடுத்தேன், தெலுங்கு. அடுத்தது மலையாளம். ஒண்ணுல ஒடியா எழுத்து, வட்ட வட்டமா. நான் இந்தச் செட்டைச் சுத்தினது கல்யாண வருஷத்துத் தமிழ்ப் பேப்பர்ல. மண்டி போட்டு அத்தனையையும் தேடிப் பார்த்தேன் தம்பி. என் பேப்பர் ஒரு தாள்கூட இல்ல.

'இதை எப்பம்மா திறந்தீங்க?'ன்னு கேட்டேன். என் வாயில 'அம்மா' தானா வந்துருச்சு.

'எப்பவா? எல்லா ஊர்லயும்தான்'ங்கிறா. குரலைத் தாழ்த்திக்கிட்டு, ஒரு சிரிப்பு. 'அவுக காலையில போயிருவாக. பக்கத்து வீட்டுப் பொம்பளைய வருவாக. விஜயவாடாவுல சுசீலாம்மா பெசரட்டு தோசை கொண்டாருவா. இதுல வச்சுத்தான் தின்போம். அழகான தட்டை இருட்டுல போட்டு வச்சா அதுக்கும் மூச்சு முட்டும்லா அண்ணாச்சி? தின்னு முடிச்சுக் கழுவித் துடைச்சு, அவுக வரதுக்குள்ள சுத்தி வச்சுருவோம். தட்டை நிக்க வைக்கணும், பாத்துக்கிடுங்க. படுக்க வச்சா அவுகளுக்கு ஆகாது.'

நான் கப்பை எண்ணினேன். அஞ்சு இருந்தது. ஆறாவது வேற. வெள்ளையா, ஓரத்துல பச்சைக் கோடு போட்டு, ஏதோ சாதாரணக் கப்பு.

'அது நாக்பூர்ல உடைஞ்சுது'ன்னா. 'பக்கத்து வீட்டு ஷோபாதாய் கை பட்டுத் தட்டி விட்டுட்டா. அய்யோன்னு எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னோம். அப்புறம் ஒருத்தி சிரிச்சா பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு! அந்த இடத்துக்கு ஷோபாதாய் அவ வீட்டுக் கப்பை வச்சுட்டுப் போனா. பெட்டியை உலுக்கினாச் சத்தம் வராதுல்லா.'

உடைஞ்சதே இல்லன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். ஆபீஸ்ல எவனுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தாலும் என்கிட்ட யோசனை கேட்பான். எனக்குச் சிரிக்கிறதா, அழுறதான்னு தெரியல.

'உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கோவக்காரரோ?'ன்னு கேட்டுட்டேன். ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல.

'சேச்சே. நல்லவுக. தங்கமான மனுஷன்'ன்னா. தட்டைத் துடைச்சுக்கிட்டே, 'ஆனா பயந்தவுக அண்ணாச்சி. எல்லாத்துக்கும் பயம். அதான் நான் சொல்லுததில்ல. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிரும். நீங்களும் சொல்லிராதீங்க, என்ன?'

'சொல்ல மாட்டேன்மா'ன்னேன்.

உடனே அவளுக்கு ஒரு தெளிச்சல். 'மூணு மாடி ஏறி வந்திருக்கிய, வெறும் வயித்தோட போகக்கூடாது'ன்னு என்னை உட்கார வச்சா. காலையில நான் வச்ச ரசமும் சாதமும் இருந்தது, அதைக் கொண்டுவந்து அந்த ஊதாப்பூத் தட்டுல போட்டா. 'ரசம் யாரு வச்சாளோ, உப்பே இல்ல. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி'ன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டேன். என் மச்சினர் கொடுத்த செட்டுல நான் சாப்பிட்டது அன்னைக்குத்தான் தம்பி, முதல் தடவையா. அதுவும் லோடுமேனா. தட்டுல ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டேன், அவ பார்த்துக்கிட்டே நின்னா.

அப்புறம் ரெண்டு பேருமாச் சுத்தினோம். நான் பேப்பர் கொடுக்க, அவ சுத்தினா. காது, வாய், அப்புறம் முழுசு. நான் செய்யுற மாதிரியே. எப்பப் பார்த்து வச்சாளோ. பெட்டியைச் சாய்ச்சு உலுக்கச் சொன்னா, உலுக்கினேன், சத்தம் வரலை. கடைசியில கயிறை எடுத்தா. 'விடுங்கம்மா, நான் கட்டுறேன்'ன்னு கையை நீட்டினேன். 'உங்களுக்கு வராது அண்ணாச்சி'ன்னுட்டுக் கட்டினா பாருங்க!

ஒரு சுத்து, ஒரு மடிப்பு, உள்ள விட்டு ஒரு இழுப்பு. என் முடிச்சு. தப்பே இல்லாம என் முடிச்சு.

'இதைப் படிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அவுக ஆபீஸ் போனதும் ஜன்னல் கம்பியில கட்டிக் கட்டிப் பாப்பேன்'னு சொன்னா. பெத்த பொண்ணு பேரு போயிருச்சு தம்பி. இந்த முடிச்சு போகலை. எனக்கு அழுகை வந்துருச்சு. துண்டால முகத்தைத் துடைச்சேன், அவ வியர்வைன்னு நினைச்சு ஃபேனைப் போட்டு விட்டா.

அப்பத்தான் துண்டு ஞாபகம் வந்தது. அடச்சே, இந்தத் துண்டாலதான் ஆளு தெரியல போலிருக்குன்னு எனக்கு ஒரு நப்பாசை. 'வரேம்மா'ன்னு வெளிய வந்தேன். துண்டை அவிழ்த்து மடிச்சு, தலையை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டேன். ஆபீஸ் போயிட்டு வர்ற மாதிரி, படியில ஒரு தளம் இறங்கித் திரும்ப ஏறி, பெல் அடிச்சேன். பொண்ணு பார்க்கப் போனப்போகூட எனக்கு நெஞ்சு அப்படி அடிச்சதில்ல.

கதவைத் திறந்தா. மேலயும் கீழயும் பார்த்தா.

'என்ன அண்ணாச்சி, எதையாவது மறந்துட்டியளா?'ன்னா.

அதுக்கப்புறம் அஞ்சு நாளா இதே கதைதான். ஒண்ணு மட்டும் சொல்லணும், வேலை நடக்குது. அண்ணாச்சி கட்டினா அவ பிரிக்கிறதில்ல. கூட உட்கார்ந்து பேப்பர் எடுத்துக் கொடுக்கிறா. ஜாடியைப் பிடுங்கினவனைப் பார்த்தாத்தான் பயம், அண்ணாச்சியைப் பார்த்தாப் பயம் இல்ல. கதை கதையாச் சொல்லுறா. கட்டாக்ல நான் ஆபீஸ் போயிருந்தப்போ வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பெட்டி மேல ஏறி நின்னுருக்கா. எனக்கு அது தெரியவே தெரியாது. இப்ப அடுக்களை முழுக்கக் கட்டி முடிச்சாச்சு. அதான் சொன்னேன், நீங்க குறிக்க வேண்டாம்னு. மறுபடியும் உங்க ஆட்கள் பிரிச்சுக் கட்டினா அவ பதறிப்போயிருவா.

இப்ப நான் உங்ககிட்டக் கேட்க வந்ததைக் கேட்டுருதேன். பாருங்க, ஊர்ப்பேச்சு வந்துருச்சு.

நாளைக்குக் காலையில லாரி வந்துரும். செண்பகமும் மாப்பிள்ளையும் கார்ல வராங்க. சாமானெல்லாம் ஏறிரும். அவ ஏற மாட்டா. நேத்தே சொல்லிட்டா. 'எல்லாம் ஏத்துங்க அண்ணாச்சி. ஆனா அவுக வராம நான் வண்டியில ஏற மாட்டேன். அவுக வந்து வீடு பூட்டியிருக்கிறதைப் பார்த்தாத் தவிச்சுப் போயிருவாக'ங்கிறா. நான்தான்டி அதுன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கையைப் பிடிச்சுச் சொன்னேன். கையை உதறிட்டு ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்து, 'அண்ணாச்சி, நீங்களும் அப்படிப் பேசலாமா?'ன்னு கேட்டா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

கையைக் காலைப் பிடிச்சு ஏத்தலாம்ங்கிறார் மாப்பிள்ளை. வேண்டாம் தம்பி. அவ்வளவு சாமான் கட்டியிருக்கேன், அவளை அப்படித் தூக்கிப் போட என்னால முடியாது.

அதனால நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். கையில அட்டை, பேனா, சட்டையில கம்பெனி பேரு, எல்லாம் இருக்கிற ஆளு நீங்க. நாளைக்கு அவ கேட்டா நீங்க சொல்லுங்க. 'ஐயா முன்னாலயே ரயில் ஏறிப் போயிட்டாரும்மா, புது வீட்டுல இருக்கார், உங்களை வரச் சொன்னார்'னு. அது பொய் இல்ல. ஒன்பது தடவையும் நான் அப்படித்தானே போனேன்? அவளைச் சாமானோட விட்டுட்டு முன்னால போயிட்டேனே. அவ நம்புவா. அவளுக்குப் பழக்கம்.

என்ன கேட்டீங்க? அங்க போனதும் என்னையத் தேடினா?

தெரியல தம்பி. அதை நான் இன்னும் யோசிக்கலை. தேயிலைப் பெட்டியைக் கார்லயே வச்சுக்கிறேன், அங்க போனதும் அவகிட்டக் கொடுத்துருவேன். பிரிக்கட்டும். ஆறு தட்டையும் போடட்டும். செண்பகம் சாப்பிடட்டும், எதிர்வீட்டுப் பொம்பளைகள் வந்து சாப்பிடட்டும். உடைஞ்சா உடையட்டும். 'அவுக ஆபீஸ் போயிருக்காக'ன்னு அவளே சொல்லிக்குவா. எனக்கும் ஒரு தட்டு கிடைக்கும், அண்ணாச்சின்னு...

பொறுங்க. கட்டில் சத்தம் கேட்குது, எழுந்துட்டா.

"அண்ணாச்சி, வாசல்ல யாரு பேச்சுக்குரல்? அவுக வந்துட்டாகளா?"

"இல்லம்மா, லாரிக் கம்பெனிக்காரர். அவுக இன்னும் வரலை."

சொல்லுங்க தம்பி, இப்பவே சொல்லிருங்க. இந்தா வந்துட்டா.